ஏழாம் நம்பர் பேரென்ன?

"ஏழாம் நம்பரத் தூக்குங்கய்யா! மாசம் நாலாயிரம் சம்பளம் வாங்கிக்கிட்டு நடந்துல்ல போறான்!"

சேசுராஜ் கத்திய கத்தலில் திண்டுக்கல் மைதானமே திரும்பிப் பார்த்தது. மில் கால்பந்து டீமுக்குப் பதினைந்து வருட ரசிகர் அவர். ஆட்டம் முடியப் பத்தே நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.

பக்கத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த பெண் முணுமுணுத்தாள். "சாமி, அவரத் தூக்கிரணும்."

சேசுராஜுக்குத் தெம்பு வந்தது. "அப்படிச் சொல்லு தாயி! புது ஆளு, பேரு தெரியல. பேரச் சொல்லு, சேர்ந்து கத்துவோம்."

"ஏழாம் நம்பருண்ணே..."

"அது நம்பரு. பேரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேசுராஜ் மறுபடி கத்தினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. கோச் வேறு வழியில்லாமல் கையைக் காட்ட, ஏழாம் நம்பர் நொண்டியபடி வெளியே வந்தான்.

"பாத்தியா தாயி!" என்று திரும்பினார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அடிபட்ட முட்டியில வலி தெரியாம ஊசியப் போட்டு எறக்கிவிட்டாங்கண்ணே. ஆடலைன்னா வேலை போயிரும்னாங்க. உங்க புண்ணியத்துல வெளிய வந்துட்டாரு."

"அட, பேரு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கட்டுனவரு பேர எப்படிண்ணே வாயால சொல்றது?"