ரத்தம் எடுக்கும் படிப்பு

அமெரிக்காவின் எல்பாசோ நகரில் எதிர்வீட்டு யாதிரா ரத்தம் எடுக்கும் சான்றிதழ் வாங்கியதிலிருந்து ஒஃபெலியாவின் கண் அவள்மேல்தான். அதே படிப்பில் மகளைச் சேர்க்க வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிற ஒரே டிரக்கை விற்க வேண்டும்.

"போட்ட பணம் திரும்புமாடி?" என்று வேலியோரம் மடக்கிக் கேட்டாள்.

"பிளாஸ்மா சென்டருக்கு வாரம் ரெண்டு நாள் போறேன்கா. போன அன்னிக்கே பணம் கார்டுல ஏறிடுது."

"ரெண்டே நாளா? மகாராணி உத்தியோகம்தான் போ."

யாதிரா பாட்டிலில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தாள். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை வேறு. பவிசைப் பார், என்று ஒஃபெலியா முகம் சுளித்தாள்.

எதற்கும் ஒருமுறை பார்த்துவிட்டே விற்போம் என்று அந்த டிரக்கிலேயே சென்டருக்குப் போனாள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்துப் புட்டிகளில் மஞ்சளாக ஏதோ நிறைந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர்களுக்கு நடுவே யாதிராவைத் தேடினாள்.

குரல் கடைசி நாற்காலியிலிருந்து வந்தது.

"அங்க நரம்பு இல்லம்மா. ஊசியை இன்னும் சாய்ச்சுப் பிடி."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தனக்கு ஊசி குத்த வந்த பெண்ணுக்குப் படுத்தபடியே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் யாதிரா. முழங்கை மடிப்பெல்லாம் ஊசித் தழும்பு.

ஒஃபெலியாவைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள். "வேலை கேட்டா அனுபவம் எங்கேங்கறாங்கக்கா. ரத்தத்துலேர்ந்து பிளாஸ்மா எடுக்கன்னா மட்டும் காசு குடுத்து கையை நீட்டுங்கறாங்க."

வாசலில் காறித் துப்பிவிட்டு டிரக்கில் ஏறினாள் ஒஃபெலியா.