வீரபாகுவின் நாற்காலி

'வீரபாகு' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு துரைக்கண்ணு மண்டபத்துக்குள் நுழைந்தார். வாசல் மேசையில் இன்னும் யாரும் எடுக்காத பெயர் அட்டைகள் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார். அங்கே நின்ற அபிநயா என்ற பெண் சந்தேகப்படவில்லை. அட்டையில் ஏழு என்று போட்டிருக்கிறது, ஏழாம் மேசைக்குப் போங்கள் என்று கைகாட்டினாள்.

வெளியே ஓரிக்கை ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதில் நாலு பேர் இருந்தார்கள். துரைக்கண்ணு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், உள்ளே வந்து மேடையிலிருக்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான கூரத்துக்குப் போய்விடுவார்கள்.

மேடையில் இருந்தவள் சத்யப்ரியா, அவருடைய ஒரே மகள். ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்து பதினேழாம் நாள் இந்த விருந்து. மாப்பிள்ளை ராமராஜன் காலனிப் பையன், அவன் அப்பா ஏதோ சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். இதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை. சமாதானம் பேச இரண்டு முறை வந்தவர்களை முகம் கொடுக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார். அதனால் இங்கே தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பினார்.

ஏழாம் மேசை ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்து நாற்காலியில் தோளில் துண்டு போட்ட ஒருவர் பெயர் அட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. சமையல் கட்டிலிருந்து வந்த ஆள் ஒருவர் அவரிடம் குனிந்து என்னவோ கேட்டுக்கொண்டு போனார். சமையல் மேஸ்திரி போலிருக்கிறது என்று துரைக்கண்ணு நினைத்துக்கொண்டார்.

அந்த ஆள் துரைக்கண்ணுவின் சட்டையிலிருந்த அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வீரபாகுவா? முசரவாக்கம்தானே?"

"ஆமா."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் துரைக்கண்ணுவின் முகத்தையே பார்த்தார். பிறகு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கார்டு இருந்தது. ரெண்டு வீட்டு ஜனமும் கலந்து உட்காரணும், முன்பின் தெரியாதவர்கள் மனசு விட்டு நாலு வார்த்தை பேசணும் என்று மணப்பெண்ணே யோசித்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து கையால் எழுதியவை என்று மேஸ்திரி சொன்னார். ஆனால் பெண் வீட்டுப் பக்கம் காலேஜ் தோழிகள் ஆறு பேரைத் தவிர யாரும் வரவில்லையாம்.

துரைக்கண்ணு தன் கார்டைப் புரட்டினார். 'ழ'வின் வாலை நீட்டி இழுக்கும் அந்தக் கையெழுத்தை அவருக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

'பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது அழுதீர்கள்?'

பையில் போன் அதிர்ந்தது. காரிலிருந்து செய்தி. வரட்டுமா என்று கேட்டிருந்தார்கள். இருங்கள் என்று பதில் அனுப்பினார்.

மேஸ்திரிக்கு வந்த கார்டிலும் அதே கேள்விதான். அவர் கேட்டார். அழுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று துரைக்கண்ணு வெடுக்கென்று சொன்னார். அப்படியென்றால் நான் சொல்கிறேன் என்று அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஒத்தப் பையோட வந்த அன்னிக்கு நான்தான் சோறு போட்டேன். கையக் கழுவிட்டு வந்து தட்டையே பாத்துக்கினு இருக்குது. ஏம்மான்னு கேட்டா, எங்கப்பா இந்நேரம் சாப்ட்டிருக்க மாட்டாரு, நான் எப்படி சாப்பிடறதுங்குது. எனக்குத் தாங்கலபா. எழுந்து பின்பக்கம் போயிட்டேன்."

துரைக்கண்ணு அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அது அவர் மனைவி அங்கம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி போன் அதிர்ந்தது. கேட் பக்கம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சமையல் கட்டு ஆள் மறுபடி வந்து, வாசல் பக்கம் கைகாட்டி மேஸ்திரியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். துரைக்கண்ணு எழுந்து தூணோரமாக எட்டிப் பார்த்தார். மேடையில் சத்யப்ரியா சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வாசலில் ஆள் நிழல் தட்டும்போதெல்லாம் அவள் கண் அங்கே போய் வெறுமனே திரும்பியது.

கட்டைவிரல் போன் திரையின் மேல் நின்றது. ஒரே ஒரு தட்டு. 

அவர் போனை அணைத்துப் பையில் போட்டார். மகள் பார்ப்பதற்குள், கேட்டருகே நிற்பவர்களைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான் இப்போது மனதில் இருந்தது.

"அவசர வேல ஒண்ணு இருக்குது. கெளம்பறேன்."

இரண்டடி வைப்பதற்குள் மேஸ்திரி எழுந்து குறுக்கே நின்றார். அவர் கை துரைக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி இரும்பு மாதிரி இருந்தது, குரல் மட்டும் தணிந்து வந்தது.

"கேட்டாண்ட நிக்கிற நாலு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க, சம்மந்தி."