நீல விலாங்கு

புதுவாயல் வீட்டின் உப்புநீர் மீன்தொட்டி முன் அஸ்கர் அலி மனைவியிடம் கெஞ்சினான்.

"கடையில நீல விலாங்கு வந்துக்குது. வாங்கினு வரட்டா?"

"வேணாங்க. அது லேசுல சாப்பிடாது. பட்டினியிலயே செத்துப்பூடும். அந்தப் பாவம் நமக்கு இன்னாத்துக்கு?" என்றபடி, மற்ற மீன்களுக்கு இறால் துண்டுகளைப் போட்டாள் ஷஹனாஸ்.

பாறை இடுக்கிலிருந்து பட்டு ரிப்பன்போல நெளிந்து வந்த நீல விலாங்கு ஒன்று இறாலைக் கவ்வியது.

"கேக்காமலே வாங்கி உட்டுட்டீங்களா?"

"அல்லா மேல ஆணையா நான் இல்ல!"

ஷஹனாஸ் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள்.

"ஏங்க... போன வருசம் ஒரு கறுப்பு விலாங்குக் குட்டி விட்டோமே! காணாமப் போச்சு, செத்துட்டுதுன்னு அழுதேனே..."

"வளந்தா நீலமாயிடும்னு கடைக்காரர் சொன்னாரே!"

"சுப்ஹானல்லாஹ்!" என்று இறைவனை வியந்தபடி, இன்னொரு இறால் துண்டை அதன் முன் போட்டாள்.