ஒருவேளை மேடம்

சுவர் முழுக்க விரிந்திருந்த திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் சட்டென்று சிவந்தன.

ஆற்றைத் தாண்டி நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று லைன்களில் இரண்டு போய்விட்டன. அங்கே சூறைக்காற்று.

ஒருவேளை மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அலுவலகம் வைத்த பெயர் அது. எந்த மின் நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்யவேண்டும் என்று கணக்குப் போடும் ப்ரோகிராம் அவள் பொறுப்பு. வாயைத் திறந்தாலே, ஒருவேளை இந்த லைன் போனால், ஒருவேளை அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் என்றுதான் ஆரம்பிப்பாள். இவள் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று டீ குடிக்கிற இடத்தில் ஓட்டுவார்கள்.

சிவந்த இரண்டும் முன்பெல்லாம் ப்ரோகிராமைப் பொறுத்தவரை தனித்தனி லைன்கள். ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று கணக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இரண்டும் ஒரே கோபுரத்தில்தான் தொங்குகின்றன. அடக்கடவுளே, கோபுரத்துக்கு ஏதாவது ஆனால்?

சில மாதங்களுக்கு முன்பு அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், இரண்டும் சேர்ந்து போனாலும் மூன்றாவது லைன் தன் எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். அதற்காக அக்கரையில் இருக்கும் மலிவான நிலையத்தை எப்போதும் கொஞ்சம் அடக்கியே ஓட்டவேண்டும். அதுவும் போதாத நிலை வந்தால், ஏதாவது ஒரே ஒரு ஏரியாவைத் தானாக அணைத்து மிச்ச ஊரைக் காப்பாற்றவேண்டும்.

மேலதிகாரிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நடக்கவே நடக்காத ஒன்றுக்கு எதற்கு இந்த தண்டச் செலவு? நிபந்தனையை இன்றோடு தூக்கிவிடுவது என்று முடிவெடுத்து, அதைச் சொல்லத்தான் கட்டுப்பாட்டு அறைக்கே வந்திருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள்தான் கோடுகள் சிவந்தன.

மூன்றாவது லைனின் சுமை ஏறியது. எண்பது சதவீதம். தொண்ணூறு. நூறு.

நூற்றிரண்டு.

அதுவும் கழன்றுகொண்டால் நகரம் மொத்தமும் இருட்டு. ஒரு இடத்தில் தப்பாகப் போட்டிருந்தாலும் தொலைந்தோம் என்று அவள் மனசுக்குள் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி அணைந்தது.

சுமை இறங்கியது. தொண்ணூற்றாறு. அங்கேயே நின்றது.

ஆஸ்பத்திரிகளில் விளக்கு எரிந்தது, ரயில்கள் ஓடின, லிஃப்டுகள் நடுவழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தன. அங்கேயெல்லாம் இருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார்.

"ஒருவேளை மேடம், அது அப்படியே இருக்கட்டும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் அடக்கமாகத் தலையாட்டிவைத்தாள். உள்ளே என்னவோ, என் கணக்கு, என் கணக்கு என்று குதித்துக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. மாமியார்.

"ஏம்மா, ஊரெல்லாம் கரண்ட் இருக்கு, நம்ம ஏரியாவுல மட்டும் புட்டுக்கிச்சு! சீரியல்ல அவன் உண்மையச் சொல்ல வாயத் தொறக்கிறான், டப்புன்னு போயிடுச்சு. இத்தன ஏரியா இருக்க, நம்ம தலையில கைய வெச்ச அந்தப் புண்ணியவான் யாருன்னு உங்க ஆபீஸ்ல கொஞ்சம் கேட்டுச் சொல்லு!"

அணைக்கவேண்டிய இடமாக ப்ரோகிராமில் நாலு ஏரியாக்கள் பொருந்தின, அதில் ஒன்று அவளுடையது. கணக்குக்கு நாலும் ஒன்றுதான். அடுத்தவர் வீட்டை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அவள் நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான்தான் அத்தை."