கல்லாவுக்கு ஆள் தேவை

"சிரம்பான்ல லாயர் ஆபீஸ்ல கூப்பிடுறாங்கன்னா அங்க போக வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்து உக்காந்திருக்க?"

கல்லா மேசைக்குப் பின்னாலிருந்து சுல்தான் கேட்டார். மலேசியாவில் தம்பின் டவுனைத் தாண்டி, எஸ்டேட்டுக்குப் பிரியும் சாலையின் முனையில் இருக்கிறது அவருடைய சாப்பாட்டுக் கடை. 'கல்லாவுக்கு ஆள் தேவை' என்று தமிழிலும் மலாயிலும் எழுதிச் சுவரில் ஒட்டி ஒரு வாரமாகிறது. வந்தவர்கள் யாரையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது எதிரே உட்கார்ந்திருந்த ஷஃபீகா சட்டப் பட்டம் வாங்கியவள். கோர்ட்டில் வாதாட இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. அதுவரைக்கும் ஒரு வேலை வேண்டும்.

"அங்க கிளார்க் வேலை முதலாளி. விடியக்காலையில பஸ் ஏறினா, வீடு திரும்ப இருட்டிடும். அப்புறம் எப்பப் படிக்கிறது?"

"டியூஷன் சொல்லிக் கொடுக்கலாமே?"

"பிள்ளைங்க படிச்சிடும். அந்தச் சத்தத்துல நான் படிக்க முடியாது."

"இங்க மட்டும் சத்தம் இல்லையாக்கும்."

"இங்க காலையில பசியாறக் கூட்டம், அப்புறம் மத்தியானச் சாப்பாடு. அதுக்கு மேல ஈ கூட வராது லா. பின்னாடி மேசையில உக்காந்து படிப்பேன்."

"ஈ கூட வராதுன்னு யாரு சொன்னது?" சுல்தானுக்குச் சுருக்கென்றது.

பக்கத்து மேசையில் முனியாண்டி பசியாறிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவர், தினமும் வருகிறவர். ரொட்டியைப் பிய்த்தபடியே, "பிள்ளை உள்ளதத்தான் சொல்லுது பாய். நேத்து சாயங்காலம் நான் வந்தப்ப நீங்களே தூங்கிக்கிட்டுத்தான் இருந்தீங்க" என்றார்.

"நீ சாப்பிடு முனியாண்டி." சுல்தான் மறுபடி ஷஃபீகாவிடம் திரும்பினார். "கடையில வேலை பார்த்துப் பழக்கம் உண்டா?"

"இல்ல."

"எவனாவது சண்டைக்கு வந்தா என்ன பண்ணுவ?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒருவன் படபடவென்று உள்ளே வந்தான். வெளியே அவனுடைய லாரி உறுமிக்கொண்டு நின்றது. கையிலிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசைமேல் பொத்தென்று போட்டான்.

"மிளகாய்ச் சம்பல் கூடுதலா வைக்கச் சொன்னேன். பாருங்க, சுத்தமா வைக்கவே இல்ல. கடையா நடத்துறீங்க?"

சுல்தான் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் சுவரில் அந்தத் தாளையே ஒட்டினார்.

அதற்குள் ஷஃபீகா எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள். ஒரு கிண்ணம் நிறைய சம்பலோடு வந்து பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

"தப்பு எங்களுதுதான் அண்ணே. இந்தாங்க, உங்களுக்கு எவ்வளவு வேணுமோ நீங்களே போட்டுக்குங்க. குடிக்கச் சூடா ஒரு தே ஓ கொண்டு வரச் சொல்லட்டா?"

லாரிக்காரன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "சீனி கம்மியா சொல்லுங்க தங்கச்சி."

முனியாண்டி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"இன்னுமா முடியல உங்க பேட்டி?" அடுப்படியிலிருந்து சுல்தானின் மனைவி நபீஸாவின் குரல் வந்தது. சமையல் அவள் பொறுப்பு. "உண்டு இல்லன்னு சொல்லிட்டு அனுப்புங்க. எனக்கு இங்க ஆயிரம் வேலை கிடக்கு."

சுல்தான் மெல்ல உட்கார்ந்தார். இப்போது அவர் குரலில் முதலாளித்தனம் இல்லை.

"உனக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லல. இந்த நாற்காலியப் பத்தி உனக்குத் தெரியாது. நானும் கொஞ்ச நாளைக்குன்னுதான் இதுல உக்காந்தேன். போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கூப்பிடுற வரைக்கும் சும்மா இருக்க வேணாமேன்னு வந்தேன். கூப்பிட்டாங்க. அன்னைக்குப் பார்த்துக் கடையில பெருநாள் கூட்டம். அப்ப இருந்த முதலாளி, ரெண்டு நாள் பொறுத்துப் போ தம்பின்னாரு. சரின்னு இருந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? முப்பது வருசம் ஓடிப்போச்சு. கடையும் என் கைக்கு வந்திடுச்சு."

இந்தக் கதையை ஷஃபீகா இதுவரை கேட்டதில்லை.

"அன்னைக்கு உங்கள எழுந்து போடான்னு விரட்ட யாரும் இல்ல, முதலாளி. என்னைய விரட்ட நீங்க இருக்கீங்க."

முனியாண்டி மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சுல்தான் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அங்கே வெயில் இல்லை.

"விரட்டத்தான் போறேன்" என்றார் கடைசியில். "பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போதே நின்னுக்கணும். கூட்டமா இருக்கு, ரெண்டு நாள் பொறுத்துப் போறேன்னு சொல்லக் கூடாது. நானே கெஞ்சினாலும் இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"அப்ப நாளைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்திடணும். லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன். வேற யாருக்கும் இல்லாத சலுகை உனக்கும் கிடையாது."

"நான் லேட்டா வந்தா நீங்களும் லேட்டாத்தான் வருவீங்க." ஷஃபீகா சிரித்துக்கொண்டே மேசைமேல் கிடந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டாள். "டாக்டர்தான் உங்கள வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரே. நம்ம வீட்டுலேர்ந்து என் பின்னாடி உக்காந்துதான் வரணும், வாப்பா."