மூன்றாவது ஃபைல்

கணவரின் மெத்தைக் கடைக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் அனுப்புவது அவள் எழுதிய ப்ரோகிராம்தான். அன்று காலை அது ஒரு வாடிக்கையாளருக்கு, "பொய் சொல்லாதீங்க" என்று பதில் அனுப்பிவிட்டது.

"இது உன் வாய்தான். இனிமே இந்த வேலைய என் தம்பி பாக்கட்டும்" என்றார் கணவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ப்ரோகிராமில் பிழை தேட உதவும் டீபக்கரைத் திறந்து, அதை ஓட்டத்தின் நடுவில் அப்படியே நிறுத்தினாள். ஒரு கட்டளையைத் தட்டி, அதன் மெமரியில் இருந்த அத்தனையையும் டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதினாள். "பொய் சொல்லாதீங்க" என்ற வரி அதில் இருந்தது. அவள் எழுதிய வரிகளில் அது இல்லவே இல்லை.

சரிபார்க்க அதே மெமரியை இன்னொரு ஃபைலாக எழுதினாள். நிறுத்திய ப்ரோகிராமின் மெமரி மாறாது. ஆனால் இரண்டாவது ஃபைலில் ஒரு வரி கூடியிருந்தது: "அவங்க எழுதல."

"இதையும் நீதானே எழுதின?" கணவர் சிரித்தார்.

"ஆமா, எனக்கு வேற பொழப்பில்ல பாருங்க! வாங்க, நீங்களே தட்டுங்க." நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றாள்.

அவர் அதே கட்டளையை ஒற்றை விரலால் தட்டினார். மூன்றாவது ஃபைலைத் திறந்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"சத்தமாப் படிங்க" என்றாள்.

"இப்ப அவங்க சுவரோரம் கைகட்டி நிக்கிறாங்க. இதையும் அவங்கதான் எழுதினாங்களா?"