லங்கருக்கு வராத சப்பாத்தி

“டப்பாவைத் திற சுவாதி!”

சுவாதி திறக்கவில்லை. டிபன் டப்பாவை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டாள்.

தேவிபிரியா டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. உண்மையில் அது போய் இரண்டு மாதம் ஆகிறது.

எல்லாம் தாளாளர் நாகேந்திரன் இழுத்துவிட்ட வினை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அமிர்தசரஸ் போய்வந்த மனுஷர், பள்ளிக்கூடம் திறந்ததும் திறக்காததுமாக, “ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு பஞ்சாபி. மொழியையும் கத்துக்கணும், அவுக பண்பாட்டையும் கத்துக்கணும்” என்று சொல்லிவிட்டார். பாளையம்பட்டிப் பக்கம் பஞ்சாபி தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? அந்த ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த தேவிபிரியாவின் தலையில் விழுந்தது.

“வீட்ல கன்னடம் பேசுறீங்க, வெளிய தமிழ் பேசுறீங்க. மூணாவதா ஒண்ணு வராதா டீச்சர்?” என்றார் தாளாளர், இட்லிக்கு இன்னொரு சட்னி கேட்கிற மாதிரி.

டவுன் பஸ்ஸில் நின்றபடியே போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதை, இறங்கியதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் எழுத்து ‘ஊடா’ என்றதும், “எதுக்கு ஊடால டீச்சர்?” என்று வகுப்பே சிரித்தது. தலைப்பாகை கட்டச் சொன்னால், பையன்கள் அப்பாவின் துண்டை எடுத்துவந்து கிடா வெட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி உருமா கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுவாதி ஒருத்திதான் உருப்படி. நாக்குத் தடுக்காமல் ‘சத் ஸ்ரீ அகால்’ என்று பஞ்சாபி வணக்கம் சொன்னாள். எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அவள்தான் இன்று மானத்தை வாங்குகிறாள்.

இன்று லங்கர். சீக்கியர் கோயிலான குருத்துவாராவில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் போடுகிற சாப்பாடு. தலையை மூடிக்கொண்டு, தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தி ரொட்டி வாங்க வேண்டும். பெரியவர் சின்னவர் கிடையாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சப்பாத்திகளை ஒரே அண்டாவில் போட்டுக் கலந்துவிட வேண்டும். யார் வீட்டு ரொட்டி யார் கைக்கு வருகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. விஷயமே அதுதான். தாளாளர் வேறு போட்டோக்காரரோடு வந்துகொண்டிருந்தார்.

ஒத்திகை இரண்டு வாரம் நடந்தது. முதல் வாரம், “டப்பா எடுத்தார மறந்துட்டேன் டீச்சர்” என்றாள் சுவாதி. அடுத்த வாரம், “வயித்துவலி டீச்சர்.” இன்று டப்பா இருக்கிறது, நெய் வாசம் ஆளைத் தூக்குகிறது, ஆனால் அண்டாவில் போட மாட்டாளாம். வரிசையிலும் கடைசியில், ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

தேவிபிரியாவுக்குப் புரிந்துபோனது. அப்பா பேங்க் மேனேஜர். தினமும் காரில் வந்து இறங்குகிற பிள்ளை. மற்ற வீடுகளில் ரேஷன் கோதுமையில் சுட்டனுப்பிய, பிய்த்தால் கை வலிக்கிற சப்பாத்தியோடு தன்னுடையதைக் கலக்க மனசு வரவில்லை!

“ஏண்டி, உங்க வீட்டு நெய்ச் சப்பாத்தி மத்த பிள்ளைக சப்பாத்தியோட சேந்தா தீட்டுப்பட்டுப் போயிருமோ?”

சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே, எதுக்கு? எல்லாரும் ஒண்ணுன்னு பஞ்சாபியில அழகா ஒப்பிச்சயே, அது வாய்க்கு மட்டுந்தானா?”

மற்ற நாளில் ஒரு பென்சில் தொலைந்தாலே பஞ்சாயத்துக் கூட்டுகிற வகுப்பு. “டீச்சர், அவ மட்டும் போடல” என்று நாலு பேராவது கத்தியிருக்க வேண்டும். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

“லீடரு, நீயாச்சும் சொல்லேன்” என்றாள் ராஜகுருவைப் பார்த்து.

அவன் அண்டாவைப் பார்த்தபடி சொன்னான். “அவ போடாட்டிப் பரவாயில்ல டீச்சர். சப்பாத்தி நெறையா இருக்கு.”

இவனுக்கு என்ன இவ்வளவு பெருந்தன்மை என்று தேவிபிரியாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. சுவாதியின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தாள்.

“இப்பச் சொல்லு. என்ன திமிரு உனக்கு?”

“திமிரு இல்ல டீச்சர்.” சுவாதி வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க இந்த வருசந்தான வந்தீக. எங்க ஊர்ல எங்க வீடு எந்தத் தெருவுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அவுகளுக்குத் தெரியும்.”

தேவிபிரியாவின் பிடி தளர்ந்தது.

“போன வருசம் எம் பொறந்தநாளுக்கு அம்மா தூக்குவாளி நெறையக் கேசரி குடுத்துவிட்டாக. அன்னைக்கு வகுப்புல எல்லாருக்கும் வயித்துவலின்னு சொல்லிட்டாக டீச்சர். ஒரே நேரத்துல. வாளியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.”

படியில் தாளாளரின் குரல் கேட்டது. “டீச்சர், அண்டா ரெடியா?”

சுவாதி டப்பாவை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“நானும் போட்டா, இன்னைக்கும் எல்லாருக்கும் வயித்துவலி வந்துரும். நீங்க பாவம் டீச்சர், கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தீக.”